வாளையாறுக்கு அந்தப் பக்கமும் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கோவை கிளினிக்குகளில் டோக்கன் கிடைப்பதே பெரும்பாடு. "மேலுக்கு முடியலீங்க" என்று வருபவர்களில் யாருக்கு ஃப்ளூ, யாருக்கு வெறும் சளி என்பது பரிசோதிக்காமல் தெரியாது. ஆனால் ஃப்ளூ ஏறுமுகமா, இறங்குமுகமா என்பதை செல்போனிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம்.

கூகுள் சறுக்கிய இடம்

மக்கள் தேடும் சொற்களை வைத்தே ஃப்ளூ பரவலைக் கணிக்க 2008-ல் கூகுள் முயன்றது. மறு வருடமே பன்றிக்காய்ச்சலின் முதல் அலையைக் கோட்டைவிட்டது. 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்க நிலவரத்தை ஊதிப் பெரிதாக்கியது. 2015-ல் அந்தக் கணிப்பை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். டிவியில் செய்தி ஓடினால் காய்ச்சல் இல்லாதவரும் தேடுவார் அல்லவா? 2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ பற்றிப் பேச்சு கிளம்பி, தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்களை நடத்தியது. அப்போது கூகுளில் தேடியவர்கள் எல்லோருமா படுத்துக் கிடந்தார்கள்?

எதைத் திறப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் 'ஃப்ளூநெட்', ஆய்வக முடிவுகளை வாராவாரம் தருகிறது. எச்1என்1, எச்3என்2, பி வகை எல்லாம் தனித்தனி நிறத்தில் இருக்கும். என்ன, இந்தியா முழுவதும் ஒரே படம்தான். கோவையைத் தேடினால் கிடைக்காது. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தளத்தில் மாநிலவாரிக் கணக்கு உண்டு.

நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்வது கேரள சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கையை. காய்ச்சலுக்காக வந்தவர்களை மாவட்டவாரியாகப் போடுகிறார்கள். வாளையாறு எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள பாலக்காட்டிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் தினமும் ரயிலேறி வருகிறார்கள்; அங்கே எண்ணிக்கை ஏறினால் இங்கேயும் உஷாராக இருப்பது நல்லது.

கணக்கில் வராதவர்கள்

மெடிக்கலில் "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று மாத்திரை வாங்கிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடும் திருப்பூர் பனியன் தொழிலாளி எந்தப் படத்திலும் இல்லை. எனவே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். இரண்டு மூன்று வாரமாக ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். கடைசி வாரம் பெரும்பாலும் குறைவாகவே தெரியும், முடிவுகள் தாமதமாக வந்து சேர்வதால்.

ஏறுகிறது என்றால்

முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் 48 மணி நேரத்துக்குள் காட்டினால்தான் ஃப்ளூ மாத்திரை நன்றாகப் பலன் தரும். ஆன்டிபயாடிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. சந்தேகம் கேட்க 104. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ உடனே 108.