பாலை என்றால் மணல்மேடா? ஒரு புதையல் தேடும் நடை தரும் விளக்கம்



பாலைத் திணையை விளக்கச் சொன்னால், பிள்ளைகளில் பலர் ஒட்டகம், மணல்மேடு, பேரீச்சை மரம் என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. செந்தூலில் வருடம் முழுக்க மழை. வறண்ட நிலத்தைத் திரையில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். ஆனால், இப்படி எழுதினால் புள்ளி போய்விடும். பாலைப் பாட்டில் மறவரும் நடுகல்லும் ஏன் வருகின்றன என்பதும் கடைசிவரை புரியாது. இதைப் புரியவைக்க ஒரு விளையாட்டு உதவும்.

ஜியோகேச்சிங் என்றால் என்ன?

ஜிபிஎஸ் உதவியோடு, ஒளித்துவைத்த பொருளைத் தேடிப் போகும் விளையாட்டு இது. 2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. பொதுமக்களின் கருவியும் துல்லியமாக இடம் காட்டத் தொடங்கியது. மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் ஏட்டில் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விதி.

மாடு மேய்ந்த வறண்ட பள்ளத்தாக்கு

இப்போது கலிபோர்னியாவின் ஜோசுவா மரத் தேசியப் பூங்காவுக்கு மனத்தளவில் போய் வருவோம். அங்கே ஹிட்டன் வேலி, அதாவது 'மறைந்த பள்ளத்தாக்கு', என்று ஓர் இடம் உண்டு. சுற்றிலும் பாறைச்சுவர், நடுவே புதரும் முட்செடியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வட்டாரத்தில் மாடு மேய்த்தார்கள். அப்போது புல் இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்று 1900 வாக்கில் கட்டிய பார்க்கர் அணை இன்றும் அருகில் நிற்கிறது. மாடு திருடும் கூட்டம் திருடிய மாடுகளை இந்தப் பாறைகளுக்கு நடுவே ஒளித்துவைத்தது என்றும் ஒரு கதை அங்கே வழங்குகிறது.

தேசியப் பூங்கா என்பதால் அனுமதியின்றிப் பெட்டி ஒளிக்க முடியாது. அதனால் 'எர்த்கேச்' என்ற வகைதான் இப்படிப்பட்ட இடங்களுக்குப் பொருந்தும். பெட்டி கிடையாது. நேரில் போய், நிலத்தைக் கவனித்து, கேட்ட கேள்விக்கு விடை அனுப்ப வேண்டும். 'நிலத்தைப் படி' என்பதுதான் விளையாட்டே.

நம் பாலையும் இதுதான்

இந்தப் பள்ளத்தாக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இலக்கணத்துக்கு வாருங்கள். தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். முல்லை ஆயர் மாடு மேய்த்த நிலம். ஆகவே பாலை என்பது மணல்காடு இல்லை. பசுமை காய்ந்துபோன காடும் மலையும்.

மாடு இருக்கும் இடத்தில் கவர்பவரும் வருவார், மீட்பவரும் வருவார். கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. அந்தப் பூசலில் இறந்த வீரனுக்கு நட்ட கல்தான் நடுகல். தலைவன் பொருள் தேடிப் போகும் வழியில் அது நிற்கிறது. மறவர் அம்பு தீட்டியதால் தேய்ந்துபோன நடுகல் எழுத்தைப் படிக்க முடியாமல் வழிப்போக்கர் கடந்து போவதை அகநானூற்றுப் பாலைப் பாட்டு ஒன்று சொல்கிறது.

இது வெறும் கற்பனையா என்று மாணவர் கேட்டால், 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களைக் காட்டுங்கள். வைகைப் பள்ளத்தாக்கில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்தவை அவை. அவற்றுள் ஒன்றில் தமிழி எழுத்தில் 'ஆகோள்' என்ற சொல் இருக்கிறது. தொல்காப்பியர் வெட்சித் துறைகளுள் ஒன்றாகச் சொல்லும் அதே சொல்!

வகுப்பில் செய்து பார்க்க

பள்ளி வளாகத்தில் ஆறு இடங்களைக் குறித்து, ஒவ்வோர் இடத்திலும் ஓர் அட்டையை ஒளித்துவையுங்கள். நடுகல் நடும் ஆறு நிலைகளே ஆறு அட்டைகள்:

1. காட்சி: தகுந்த கல்லைத் தேடிக் காணுதல்
2. கால்கோள்: கல்லைக் கொண்டுவரும் பணியைத் தொடங்குதல்
3. நீர்ப்படை: கல்லை நீராட்டுதல்
4. நடுதல்: கல்லை நிறுத்துதல்
5. பெரும்படை: படையலிட்டுச் சிறப்புச் செய்தல்
6. வாழ்த்தல்: வீரனைப் போற்றுதல்

கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். எனவே, இடங்களுக்கு நடுவே 20 மீட்டராவது இருக்கட்டும். மாணவர் கைப்பேசி பயன்படுத்த அனுமதி இல்லையென்றால் ஆசிரியரின் ஒரே கைப்பேசியில் குழு குழுவாகப் போகலாம். ஆறாவது அட்டையில் குழுவினர் வீரனை வாழ்த்தி இரண்டு வரி எழுதிவிட்டு வர வேண்டும். வரிசை மாறினால் அடுத்த இடம் கிடைக்காதபடி அமையுங்கள். ஒருமுறை நடந்துவிட்டால் வரிசை மறக்காது.

மாணவர்களே, தேர்வில் பாலை வந்தால் மூன்று செய்திகளை விடாமல் எழுதுங்கள்: தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் திரிந்தது, உரிப்பொருள் பிரிவு. நடுகல் பற்றிக் கேட்டால் வெட்சி, கரந்தையோடு இணைத்து, புலிமான்கோம்பையைச் சான்றாகக் காட்டுங்கள். ஒட்டகத்தை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள்!