துக்கடாவுக்கு முன்னால் ஓர் இடம்

கச்சேரிக்குப் புதிதாக வரத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் கேட்கிற கேள்வி இது: "பாடுகிறவர் தமிழர், கேட்கிறவர்கள் தமிழர்கள், நடப்பது மயிலாப்பூரில். அப்புறம் ஏன் பாட்டில் பெரும்பகுதி தெலுங்கு?" நியாயமான கேள்விதான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசுவோம்.

தஞ்சையை நாயக்கர்கள் ஆண்டார்கள், பிறகு மராட்டியர்கள் ஆண்டார்கள். இரண்டு அரசவைகளிலும் தெலுங்குக்குப் பெரிய மரியாதை இருந்தது. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். அவர்கள் பாடல்களில் பெரும்பாலானவை தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் அமைந்தன. சீடர்கள் அவற்றை மெட்டோடு மனப்பாடம் செய்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கு முன்பே முத்துத் தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழில் கீர்த்தனைகள் பாடியிருந்தார்கள். அந்தப் பாட்டுகளுக்கு அப்படியொரு சீடர் வரிசை வாய்க்கவில்லை. சாகித்யம் தங்கியது, பல பாட்டுகளுக்கு மெட்டு தொலைந்துபோனது.

அடுத்தது கச்சேரியின் அமைப்பு. இன்று நாம் கேட்கும் வரிசையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் சிலவற்றைப் பாடி, ஒரு ராகத்தை விரிவாக ஆலாபனை செய்து, அந்த ராகத்தில் அமைந்த கீர்த்தனைக்கு நிரவலும் ஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் வைத்து, ராகம் தானம் பல்லவிக்குப் போய், கடைசியில் துக்கடாக்கள் எனப்படும் சிறு பாட்டுகளில் முடிப்பது. தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் வந்தது. வித்வான்கள் தமிழில் பாடாமல் இல்லை. தங்கள் மனோதர்மத்தையெல்லாம் காட்டி முடித்த பிறகு பாடினார்கள். பாதிக் கூட்டம் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரம் அது. ஒரு மொழிக்கு மேடையில் என்ன மதிப்பு என்பதை அந்த இடமே சொல்லிவிடும்.

இது குறையாகக் கண்ணில் பட்ட காலம் அரசியல் கொந்தளித்த காலம். 1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தது. 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானது. போராட்டம் வெடித்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள், 1940இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. வகுப்பறையில் தமிழுக்கு என்ன இடம் என்று கேட்ட தலைமுறை, அடுத்து சபாவைப் பார்த்தது. 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. கூட்டியவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு முதன்மை வேண்டும் என்பது கோரிக்கை. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமி தன் நிலையைச் சொன்னது: மொழியைக் காரணம் காட்டி இசையின் தரத்தைக் குறைக்கக் கூடாது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது.

கல்கி, டி.கே.சி., ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் தமிழிசைக்காக வாதாடினார்கள். இந்தி விஷயத்தில் நேரெதிராக நின்ற ராஜாஜியும் பெரியாரும் இதில் ஒரே பக்கம் நின்றார்கள். பெரியார் அதோடு நிற்காமல், தமிழில் பாடினால் போதுமா, கடவுளைத் தவிர பாட வேறு பொருளே இல்லையா என்றும் கேட்டார். ஆகவே இதை ஒரு கட்சியின் சண்டை என்றோ ஒரு சாதியின் சண்டை என்றோ சுருக்கிவிட முடியாது. விடுதலை வாசலில் நின்ற ஒரு சமூகம், நாளை நாம் யாராக இருக்கப்போகிறோம் என்று பாட்டின் வழியாகவும் கேட்டுக்கொண்டது.

எதிர்த்தவர்கள் பக்கமும் ஒரு கேள்வி இருந்தது. ஒரு மணி நேரம் விரித்துப் பாடத் தாங்கும் தமிழ் உருப்படிகள், ஸ்வரக் குறிப்போடு எத்தனை கைவசம் இருக்கின்றன? தீர்மானம் போட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது, வேலைதான் செய்ய வேண்டும். அந்த வேலை நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களை ஸ்வரக் குறிப்புடன் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. தமிழ் இசைச் சங்கம் ஓதுவார்களையும் வித்வான்களையும் ஒன்றாக உட்காரவைத்துத் தேவாரப் பண்களை ஆராய்ந்தது. கொல்லிப் பண் நவரோஜாகவும் மேகராகக் குறிஞ்சி நீலாம்பரியாகவும் பாடப்படுவது பற்றி மேடையில் பாடிக் காட்டியே பேசினார்கள். பாபநாசம் சிவனும் பெரியசாமித் தூரனும் எழுதிக் குவித்தார்கள். துக்கடாவுக்குக் கடைசி இடம் வைத்த அதே அரியக்குடி, திருப்பாவை முப்பதுக்கும் மெட்டமைத்தார். 1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது டி.கே. பட்டம்மாள் வானொலியில் பாடியது பாரதியின் சுதந்திரப் பள்ளு.

தெலுங்கைத் தள்ளிவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தியாகராஜர் இல்லாமல் நம் சங்கீதம் ஏது? ஆனால் நிரவலை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். ஒரே வரியைப் பாடகர் பத்து விதமாகப் பாடுவார். ஒருமுறை ஒரு சொல் நீளும், அடுத்த முறை அதே சொல் மேல் ஷட்ஜத்தில் போய் நிற்கும். அந்த வரி புரிகிற மொழியில் இருந்தால், கெஞ்சலாகத் தொடங்கியது எந்த இடத்தில் உரிமையோடு கேட்பதாக மாறியது என்று ராகம் தெரியாதவருக்கும் தெரியும். தமிழிசைக்காரர்கள் கேட்டது இந்த அனுபவத்தைத்தான். அது துக்கடாவில் கிடைக்காது.

இன்று தமிழ்ப் பாட்டு முன்னைவிட அதிகம் கேட்கிறது. ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் பெறும் நடு இடத்துக்கு அது வருவது இன்னும் அபூர்வம். அந்த இடம் பாட்டு வகுப்பில்தான் முடிவாகிறது. அதனால் பாட்டு சொல்லிக்கொடுக்கும் எல்லாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். தோடியோ காம்போதியோ சொல்லித்தரும்போது, அதே ராகத்தில் ஒரு தமிழ்க் கீர்த்தனையையும் எடுத்து, எந்த வரியில் நிரவல் செய்யலாம், எங்கே ஸ்வரம் எடுக்கலாம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். துக்கடாவாகக் கற்ற பாட்டு துக்கடாவாகத்தான் மேடை ஏறும்.