ஐந்நூறு கோடி உயிர்களின் கணக்கு

பூமியை விட்டுக் கிளம்பிய ஒரு பெண் விண்வெளியில் பறந்து போகிறாள். உடலைச் சுற்றிப் பறவை வடிவில் நெருப்பு. நெடுந்தூரம் கடந்த களைப்பில் அவளுக்குப் பசிக்கிறது. எதிரே ஒரு விண்மீன் தெரிகிறது. அப்படியே அதற்குள் பாய்ந்து அதன் ஆற்றலைக் குடிக்கிறாள். விண்மீன் வெடிக்கிறது. அதைச் சுற்றிவந்த கோள் ஒன்றில் வாழ்ந்த ஐந்நூறு கோடிப் பேர் சாகிறார்கள். அவள் பெயர் ஜீன் கிரே. அதற்கு முந்தைய மாதம்வரை உலகைக் காப்பவர்களில் ஒருத்தி.

1980 ஜூலை தேதியிட்ட ‘எக்ஸ்-மென்’ காமிக்ஸின் 135ஆம் இதழில் வந்த காட்சி இது. எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட். அவரோடு சேர்ந்து கதையை அமைத்து வரைந்தவர் ஜான் பைர்ன். பென்சில் கோடுகளுக்கு மை தீட்டியவர் டெர்ரி ஆஸ்டின். 129ஆம் இதழில் சூடுபிடித்து 138இல் அடங்கும் இந்தக் கதையை ‘டார்க் ஃபீனிக்ஸ்’ என்பார்கள். இதைவிடப் பெரிய போர்களும் இதைவிட அதிகச் சாவுகளும் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பின்னால் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை வந்த வேகத்திலேயே மறந்துபோயின. இதை மட்டும் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து வாங்கிப் படிக்கிறார்கள். காரணம் அந்த வெடிப்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் முதலில் விண்மீனையே பார்த்துவிடுவோம்.

விண்மீன் என்பது ஓயாத இழுபறி. தன் எடை தன்னை உள்நோக்கி நசுக்குகிறது. மையத்தின் வெப்பம் வெளிநோக்கித் தள்ளுகிறது. நம் சூரியனின் மையத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி. நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் அங்கே ஹீலியமாக மாறுகிறது. அதில் 40 லட்சம் டன் அளவுக்கு நிறை ஆற்றலாகி வெளியேறுகிறது. இதிலிருந்து ஆற்றலை உறிஞ்சினால் விண்மீன் குளிர்ந்துபோகும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது நேர்மாறு. ஆற்றலை இழக்கும் விண்மீன் சுருங்கும். சுருங்கினால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் சூடு ஏறும். எடுக்க எடுக்கச் சூடாகும் பொருள்! ஈர்ப்பு விசையால் கட்டுண்ட எல்லா வாயுப் பந்துகளுக்கும் இந்தக் குணம் உண்டு. சூரியன் 460 கோடி ஆண்டுகளாக அணையாமலும் வெடிக்காமலும் எரிவதற்கு இதுவே காவல்.

அந்தக் காவலும் உடையும் இடம் ஒன்று இருக்கிறது. சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்களில் எரிபொருள் படிப்படியாக மாறிக் கடைசியில் இரும்பாகிறது. இரும்பை இணைத்து ஆற்றல் பெற முடியாது. இரும்பு மையத்தின் நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டியதும் அதைத் தாங்க எந்த அழுத்தமும் போதாது. 1930இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், பயணத்திலேயே போடத் தொடங்கிய கணக்கு இது. அந்த எல்லைக்கு அவர் பெயரே நிலைத்தது. எல்லை தாண்டினால், பூமி அளவுள்ள மையம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒரு நகரத்தின் அளவுக்கு இடிந்து விழுகிறது. மேலிருக்கும் அடுக்குகள் வெடித்துச் சிதறுகின்றன. அதன் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோக்களாகப் பறந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒரு பங்கின் சிறு பகுதிதான் ஒளி. அதுவே ஒரு விண்மீன் மண்டலத்தோடு போட்டி போடும்.

மையத்தின் தாங்குதிறன் போனால் விண்மீன் விழும், விழுந்தால் வெடிக்கும் என்ற வரிசையைக் காமிக்ஸ் சரியாகவே பிடித்திருக்கிறது. சூரியன் அளவுள்ள விண்மீனாக இருந்தால் அப்படி வெடிக்காது என்பது உண்மைதான்; ஆனால் உயிருள்ள நெருப்பு உள்ளே புகும் கதையில் அந்தத் திருத்தத்தைப் பிடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அந்த இதழ் வந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1987 பிப்ரவரி 23 அன்று, பெரிய மெகல்லன் மண்டலத்தில் ஒரு விண்மீன் நிஜமாகவே இப்படி இடிந்த செய்தி பூமிக்கு வந்து சேர்ந்தது. சுமார் 1,68,000 ஒளியாண்டுகளைக் கடந்து வந்த அதன் நியூட்ரினோக்களில் ஏறத்தாழ 25ஐ ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் நிலத்தடியில் இருந்த கருவிகள் பதிவுசெய்தன. வானியலாளர்களுக்கு அது கொண்டாட்டம். அங்கே யாரும் வாழ்ந்ததாக நமக்குத் தெரியாது என்பதால்தான் கொண்டாட முடிந்தது.

கிளேர்மான்ட்டும் பைர்னும் தங்கள் விண்மீனருகே ஆட்களைக் குடிவைத்தார்கள். எல்லாமே அதில்தான் தொடங்குகிறது. 1980இல் பூமியின் மொத்த மக்கள்தொகை சுமார் 440 கோடி. ஆக, ஜீன் கொன்றவர்களின் தொகை அன்றைய வாசகருக்குத் தெரிந்த மனிதகுலம் முழுவதையும்விடப் பெரிது. ஆனால் இவ்வளவு பெரிய எண் மனத்தில் ஒட்டாது. பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பசியால் வாடும் ஒரு குழந்தையைப் பெயரோடு காட்டியபோது மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைக் காட்டியபோது கை சுருங்கியது. குழந்தையையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோதும் சுருங்கியது. அந்த ஆய்வுக்குப் பல ஆண்டுகள் முன்பே பைர்ன் செய்தது என்ன? அந்தக் கோளின் மக்களுக்கு முகம் கொடுத்தார். டிபாரி என்ற அந்த இனம் புதிதாகப் படைத்ததுகூட அல்ல. 1964இல் ‘அவெஞ்சர்ஸ்’ நான்காம் இதழில், ஊர் திரும்ப வழியில்லாமல் பூமியில் மாட்டிக்கொண்ட ஒரு வேற்றுலகவாசி வருவான். பச்சைச் செடி போன்ற அந்தத் தலையைத்தான் பைர்ன் மறுபடி வரைந்தார். பழைய வாசகருக்கு அது தெரிந்த முகம். ஊர் திரும்ப ஏங்கியவனின் ஊரே ஓரிரு கட்டங்களில் எரிந்துபோனது.

அதே அளவு முக்கியம், எரித்தவளும் தெரிந்த முகம் என்பது. 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் எக்ஸ்-மென் குழுவை உருவாக்கியபோது ஜீன் அதன் ஐவரில் ஒரே பெண். விற்பனை சரிந்து, 1970 முதல் ஐந்து ஆண்டுகள் பழைய கதைகளையே மறுபதிப்பாக ஓட்டிய தொடர் இது. 1975இல் லென் வைனும் டேவ் காக்ரமும் ஸ்டார்ம், நைட்கிராலர், கொலோசஸ் என்று பல நாட்டு ஆட்களைச் சேர்த்து அதை எழுப்பினார்கள். உடனே கிளேர்மான்ட் கையில் எடுத்தார், 1991வரை விடவில்லை. 1976இல் வந்த கதையில் ஒரு விண்கலத்தை ஜீன் பூமிக்கு ஓட்டிவருகிறாள். வழியில் சூரியப் புயல். நண்பர்கள் பாதுகாப்பான அறைக்குள். கதிர்வீச்சைத் தாங்கிக்கொண்டு அவள் மட்டும் ஓட்டுநர் இருக்கையில். 1972 ஆகஸ்டில், அப்போலோ 16க்கும் 17க்கும் இடையே, உண்மையாகவே கடுமையான சூரியப் புயல் ஒன்று வீசியது. அப்போது யாரேனும் நிலவில் நடந்துகொண்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும். கதையில் கலம் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவில் விழுகிறது. தண்ணீரிலிருந்து ஜீன் ஃபீனிக்ஸாக எழுகிறாள். பிறரைக் காக்கப்போய் வந்த சக்தி அது.

அங்கிருந்து அழிவுக்கு நான்கு ஆண்டுகள். இந்த நான்கு ஆண்டுகளை வாசகர்கள் இதழ் இதழாக வாழ்ந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் கதையின் பிடி புரியாது. ஜேசன் விங்கார்ட் என்றொரு கனவான் ஜீனின் வழியில் குறுக்கிடுகிறான். சட்டென்று அவள் பதினெட்டாம் நூற்றாண்டு உடையில், தான் அவன் மனைவி என்ற நினைப்போடு நிற்கிறாள்; ஒன்றிரண்டு கட்டங்களில் அது கலைந்துவிடும். அடுத்த இதழில் வேறு சண்டை, வேறு ஊர். பிறகு மறுபடி அந்த நினைப்பு, முன்பைவிட நீளமாக. அவன் மாயத்தோற்றம் உண்டாக்குபவன். ஹெல்ஃபயர் கிளப் என்ற பணக்கார ரகசியக் கூட்டத்தில் இடம்பிடிக்க அவளை வசப்படுத்துகிறான். அவள் மனத்தின் பூட்டுகளை அவன் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டபின், உள்ளே இருந்த பெருஞ்சக்தியைக் கட்ட அவனாலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை. இதழுக்கும் இதழுக்கும் நடுவே இருந்த முப்பது நாளில் வாசகர் அவளுக்காகப் பயந்தார், சாக்குச் சொன்னார், அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையின் மேல்தான் 135ஆம் இதழ் இறங்கியது.

முடிவு எப்படி வந்தது என்பது இன்னும் வியப்பு. ஷியார் என்ற வேற்றுலகப் பேரரசு ஜீனின் சக்தியை மூளையிலிருந்து அகற்றிவிடும், அவள் சாதாரணப் பெண்ணாக வீடு திரும்புவாள் என்றுதான் 137ஆம் இதழ் முதலில் எழுதி வரையப்பட்டது. தொடரை வெளியிட்ட மார்வெலின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஏற்க மறுத்தார். ஒரு உலகத்தையே கொன்றவள் தண்டனையின்றி வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அவர் நிலை. படைத்தவர்கள் வாதாடிப் பார்த்து, கடைசியில் அவள் சாகட்டும் என்று முடிவெடுத்துக் கடைசிப் பக்கங்களை அவசரமாக மாற்றினார்கள். கைவிட்ட பழைய முடிவை 1984இல் மார்வெல் தனி இதழாகவே வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம். நான் ஷூட்டர் பக்கம். ஆசிரியரின் தலையீடு கதையைக் கெடுத்த உதாரணங்களே அதிகம். இங்கே அது கதையை அதன் சொந்த நியாயத்திடம் கொண்டுபோய் நிறுத்தியது.

மாற்றிய 137இல் நிலவின் மேல் போர். ஜீனின் உயிருக்காக எக்ஸ்-மென் ஷியார் காவல்படையோடு மோத வேண்டும். முந்தைய இரவில் ஒவ்வொருவரும் தனியே யோசிக்கிறார்கள்: அவள் நம்முடையவள், ஆனால் செய்தது அது. எல்லோருக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை. ஆனாலும் எல்லோரும் களத்தில் நிற்கிறார்கள். குழு என்பதற்கு சூப்பர்ஹீரோ காமிக்ஸ் தந்த மிகச் சிறந்த விளக்கம் என்று இந்தப் பக்கங்களைத்தான் சொல்வேன். அவர்கள் தோற்கிறார்கள். நெருப்பு மறுபடி எழுவதை ஜீன் உணர்கிறாள். காதலன் ஸ்காட் கண்முன்னே, அங்கிருந்த பழைய ஆயுதமொன்றைத் தன்மேல் இயக்கி உயிரை விடுகிறாள். தீர்ப்பை அவளே எழுதிக்கொள்கிறாள்.

பின்னால் வந்த எவராலும் அந்தத் தீர்ப்பைத் தாங்க முடியவில்லை. பழைய ஐவரையும் சேர்த்துப் புதுத் தொடர் தொடங்க 1986இல் ஜீன் தேவைப்பட்டாள். கொலைப்பழியோடு அவளைக் கொண்டுவர முடியாது. ஆகவே ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உண்மையான ஜீன் உறங்கிக்கொண்டிருந்தாள், விண்மீனைக் குடித்தது அவள் உருவெடுத்த வேறொரு சக்தி என்று கதை மாறியது. அதை வரைந்ததிலும் பைர்னின் கை உண்டு. 1994இல் தொலைக்காட்சிக் கார்ட்டூன் அவளைப் பிழைக்க வைத்தது. 2006 திரைப்படத்தில் விண்மீனே இல்லை. 2019 படத்தில் டிபாரி உலகம் அழிகிறது. ஆனால் சக்தி ஜீனை வந்தடையும் முன்பே அழிந்துவிடுகிறது. நான்கு பேரும் நான்கு வழியில் அந்த ஐந்நூறு கோடியை அவள் தலையிலிருந்து இறக்கிவைத்தார்கள். இரக்கத்தால்தான் செய்தார்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் பழி போனதும் அவளுடைய கடைசி முடிவுக்குத் தேவையே இல்லாமல் போகிறது. மீதம் நிற்பது, கட்டுமீறிய சக்தியை அடக்கும் வழக்கமான சண்டை.

இதுவரை படிக்காதவர்கள் தொகுப்பு நூல் கிடைத்தால் நேரே 135க்குப் போக வேண்டாம். 129இல் தொடங்குங்கள், 13 வயதுக் கிட்டி பிரைட் அறிமுகமாகும் இதழ் அது, எக்ஸ்-மென்னை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு அவள் கண்கள் உதவும். விங்கார்ட் வரும் கட்டங்களில் நின்று படியுங்கள். முடிந்தால் 1976இன் விண்கலக் கதையையும் முன்னாலேயே தேடிப் படித்துவிடுங்கள். 135ஐ முடித்ததும் புத்தகத்தை மூடி, ஒரு வாரமாவது விட்டு 136ஐ எடுங்கள். முதல் வாசகர்கள் ஒரு மாதம் காத்திருந்தார்கள்.