பெயர் அறியா நோயும் பேசத் துணையும்

1945ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் மிகச் சிறிய வரி விளம்பரம் ஒன்று வெளியாயிற்று. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயிலிருந்து குணமடைந்தவர் எவரேனும் இருப்பின் தொடர்பு கொள்ளுமாறு அது வேண்டியது. விளம்பரம் கொடுத்தவர் சில்வியா லாரி என்னும் பெண்மணி. அவருடைய சகோதரர் அந்நோயால் துன்புற்றுக் கொண்டிருந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. ஆனால் எழுதியவர்களுள் பெரும்பாலோர் அதே நோயாளிகளும் அவர்தம் உறவினருமே. அப்படிக் குணமடைந்தவர் யாரேனும் அகப்பட்டால் எங்களுக்கும் தெரிவியுங்கள் என்று அவர்கள் கேட்டிருந்தனர். மருந்தைத் தேடியவருக்குக் கிடைத்தது கூட்டாளிகள். அக்கூட்டத்திலிருந்து அடுத்த ஆண்டே, 1946இல், அந்நோய்க்கான அமெரிக்க தேசியச் சங்கம் பிறந்தது.

சில்வியா லாரியின் சகோதரருக்கு நோயின் பெயராவது தெரிந்திருந்தது. அதுவும் தெரியாமல் காத்திருப்போர் நம்மிடையே பலர். விரல் நுனி மரத்துப்போகிறது. நடக்கையில் ஒரு கால் இழுபடுகிறது. சில நொடிகள் நினைவு தப்புகிறது. ஸ்கேன் எடுத்தாயிற்று, இரத்தம் கொடுத்தாயிற்று, எல்லாம் 'நார்மல்' என்று அறிக்கையும் வந்தாயிற்று. மரத்த விரல் மட்டும் மரத்தே இருக்கிறது. முதலில் பதறிய வீட்டார் மெல்ல ஐயுறத் தொடங்குகின்றனர். விடுப்புக் கேட்டால், என்ன நோய் என்ற கேள்விக்கு விடையில்லை. இந்த இடைக்காலத்தில் ஒத்த அனுபவம் உடையோரின் துணையை எவ்வாறு நாடுவது, அவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதே இங்கு நாம் காணவிருப்பது.

விடை கிடைக்க ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது மனத்துக்கு ஆறுதல் தரும். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக விரல் நுனிவரை செல்லும் பாதையில் எங்குத் தடை நேர்ந்தாலும் விரல் மரக்கக்கூடும். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம். கழுத்தெலும்பிடைத் தட்டு பிதுங்கியிருக்கலாம். சர்க்கரை நோயோ, சைவ உணவு உண்போரிடம் மிகுதியாகக் காணப்படும் வைட்டமின் பி12 குறைபாடோ காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு பரிசோதனையும் இப்பாதையின் ஒரு பகுதியையே காட்டவல்லது. எம்.ஆர்.ஐ. உருவ அமைப்பைக் காட்டும். நரம்புக் கடத்தல் பரிசோதனை பருத்த நரம்பிழைகளை அளக்கும். மெல்லிய இழைகள் பழுதுபட்டால் அது அதில் தெரியாது. வலிப்பு நோயாளிக்கும் இரு வலிப்புகளுக்கு இடையே எடுக்கப்படும் இ.இ.ஜி. இயல்பாகவே இருக்கக்கூடும்.

சில நோய்களில் காலமே ஒரு பரிசோதனையாகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயை உறுதிசெய்ய 2001இல் வகுக்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்ட மெக்டொனால்டு அளவுகோல், பாதிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களிலும் நேர்ந்தமைக்குச் சான்று தேடுவதை அடிப்படையாகக் கொண்டது. எனவே, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று மருத்துவர் கூறினால், அவர் நம்மைத் தட்டிக்கழிக்கிறார் என்று உடனே கருத வேண்டியதில்லை.

மற்றொரு வகை நோயாளிகள் மிகுந்த மனவருத்தத்துக்கு ஆளாகின்றனர். நரம்பின் கட்டமைப்பில் பழுதின்றி, அதன் இயக்கத்தில் மட்டும் கோளாறு நேர்வதைச் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்பர். 'எல்லாம் மனப்பிரமை' என்று சுற்றத்தார் ஒதுக்கிவிடும் நிலை இவர்களுக்கே மிகுதி. இது நடிப்பன்று. இதனைக் கண்டறிய நேரடியான அடையாளங்கள் உண்டு. 1908இல் சார்லஸ் ஹூவர் என்னும் அமெரிக்க மருத்துவர் விவரித்த சோதனை அவற்றுள் ஒன்று. படுத்திருக்கும் நோயாளியிடம் வலுவிழந்த காலின் குதிகாலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் அவரால் இயலாது. ஆனால் நல்ல காலை எதிர்விசைக்கு எதிராக உயர்த்தச் சொல்லும்போது அதே வலுவிழந்த கால் தானாகவே பலமாக அழுந்துகிறது. தசையும் நரம்பும் நலமாகவே உள்ளன, அவற்றுக்குக் கட்டளை செல்லும் முறையில்தான் பிசகு என்பது இதனால் விளங்கும். பயிற்சி பெற்ற உடலியக்க சிகிச்சையாளர் இதே அடையாளத்தை நோயாளிக்கே காட்டி நம்பிக்கையூட்டுவதும் உண்டு.

இனி, துணைக்கு வருவோம். இவ்வழியில் முன்னே நடந்தவர் தரக்கூடியவற்றுள் முதன்மையானது நடைமுறை அறிவு. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் எழும் பேரோசை எத்தகையது, முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீர் எடுத்தபின் தலைவலி வந்தால் என்ன செய்தார்கள், மருத்துவரின் பத்து நிமிடத்துக்குள் எதை முதலில் சொல்ல வேண்டும் என்பனவற்றை அனுபவப்பட்டவரே நன்கு சொல்ல முடியும். நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் பெரும்பாலும் இவ்வாறே கைமாறி வருகிறது. தொந்தரவு எப்போது தொடங்கிற்று, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தப் பக்கம், உறக்கமும் காய்ச்சலும் எப்படி இருந்தன என்று நான்கு வரி எழுதிவைத்தால் போதும். நினைவு தப்பும் நிகழ்வை வீட்டார் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுவது சில வேளைகளில் விலையுயர்ந்த ஸ்கேனைவிட மருத்துவருக்கு உதவுகிறது.

அடுத்தது, நம்பிக்கை. நான் சொல்வதை ஒருவர் மறுகேள்வியின்றி ஏற்கிறார் என்னும் நிலை, மாதக்கணக்கில் விளக்கம் சொல்லியே களைத்தவருக்குப் பெரும் ஓய்வாகும்.

ஆனால் பிறருடைய நோயின் பெயரை இரவல் வாங்கிக்கொள்ளும் அபாயமும் இங்கேதான் உள்ளது. கண்ணிமை துடித்தால் நம் முன்னோர் சகுனம் பார்த்தனர். இன்று சிலர் மோட்டார் நியூரான் நோயோ என்று இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். வலுவிழப்போ தசைமெலிவோ இன்றித் தனித்து வரும் துடிப்பு பெரும்பாலும் தீங்கற்றது. களைப்பும் காப்பியும்கூட அதற்குக் காரணமாகலாம். நோயாளர் குழு ஒன்றின் இயல்பையும் நினைவில் கொள்ள வேண்டும். குணமடைந்தவர் பெரும்பாலும் குழுவை விட்டுத் தம் அலுவலைப் பார்க்கச் சென்றுவிடுகிறார். நெடுங்காலம் துன்புறுவோரே எஞ்சி நிற்கின்றனர். அங்குக் கேட்கும் கதைகளைக் கொண்டு நம் எதிர்காலத்தைக் கணக்கிடுவது பிழையான கணக்காகவே முடியும்.

சக நோயாளியிடம் கருத்துக் கேட்டு ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாத அறிகுறிகளும் உள. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை திடீரெனத் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தைக் குறிக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. கால்களில் தொடங்கிச் சில நாட்களில் மேல்நோக்கிப் பரவும் தளர்ச்சி, மூச்சுத் திணறல், திடீர்ப் பார்வையிழப்பு, முதுகுவலியுடன் சிறுநீர் கட்டுப்பாடிழத்தல் ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவமனையே கதி.

துணையை எங்குத் தேடுவது? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளருக்கென 1985இல் தொடங்கப்பட்ட இந்தியச் சங்கத்துக்குச் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் கிளைகள் உண்டு. நோய் இன்னும் உறுதியாகாதவர், பெரிய மருத்துவமனைகளின் மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேட்டால், ஒத்த தொந்தரவுடையோர் கூடும் இடத்தைச் சொல்லக்கூடும். காத்திருப்பின் மனச்சுமை தாங்காதபோது, மத்திய அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

குழுவில் இணைந்தபின் வங்கி வாடிக்கையாளர் என்ற முறையில் சிலவற்றில் விழிப்புத் தேவை. மருத்துவ அறிக்கையில் பெயர், கைப்பேசி எண், சில வேளை ஆதார் எண்ணும் அச்சாகியிருக்கும். அவற்றை மறைத்த பின்னரே பிறருக்கு அனுப்புக. நோயின் பெயரே தெரியாத நிலையில் அதற்கு மருந்து இருப்பதாகக் கூறி முன்பணம் கேட்பவரை நம்பலாகாது. கைவசமுள்ள மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். புதிதாக எடுப்பவர், நோய் உறுதியாகவில்லையே என்று எண்ணி மருத்துவரைக் கண்டதை மறைக்கக் கூடாது. மருத்துவ ஆலோசனை பெற்ற தொந்தரவும் முன்பே இருந்த நோயாகக் கொள்ளப்படலாம். அத்தகைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது. மறைத்தால் பின்னர் இழப்பீடே மறுக்கப்படலாம்.

கை நடுங்கிக் கையொப்பம் மாறிவிட்டால் காசோலை திரும்பிவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. கிளையில் தெரிவித்துப் புதிய மாதிரிக் கையொப்பம் கொடுக்கலாம். கையொப்பமே இட இயலாதோர் பெருவிரல் அல்லது கால்விரல் ரேகை வைக்கவும், அதுவும் இயலாமல் கிளைக்கும் வர முடியாதோர் ஓர் அடையாளக் குறி மட்டும் இடவும் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்கள் இடமளிக்கின்றன. இரண்டு நிலைகளிலும் தொடர்பற்ற இரு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் அவசியம். பணத்தை யார் பெற்றுச் செல்வார் என்பதையும் வாடிக்கையாளரே குறிப்பிட்டுவிடலாம்; அவர் தம் மாதிரிக் கையொப்பத்தை வங்கியில் அளிக்க வேண்டும்.