மேல் உடல் பயிற்சி: எதை முதலில் செய்வது, ஏன்?

கடலூர் துறைமுகத்தில் வலை இழுப்பவருக்கும், சிதம்பரத்தில் ஆனி, மார்கழித் தேரோட்டங்களில் வடம் பிடிப்பவருக்கும் அதிகம் உழைப்பது முதுகும் பைசெப்ஸும். தண்டால் எடுப்பவருக்கோ மார்பும் தோளும் ட்ரைசெப்ஸும்.

இழுத்தல், தள்ளுதல் இரண்டும் ஏன் தேவை? தசையால் சுருங்கி இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. அதனால்தான் கையை மடக்க ஒரு தசை (பைசெப்ஸ்), நீட்ட இன்னொன்று (ட்ரைசெப்ஸ்). தோள் மூட்டின் குழி ஆழமற்றது. சுற்றியுள்ள தசைகளே அதைத் தாங்குகின்றன. எனவே முன்புறம் எவ்வளவு உழைக்கிறதோ, பின்புறமும் அவ்வளவு உழைக்க வேண்டும்.

எப்படி அமைப்பது?

முதலில் பெரிய தசைகள்: பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளுதல்) அல்லது தண்டால், அடுத்து ரோயிங் (எடையை உடலை நோக்கி இழுத்தல்). பிறகு தலைக்கு மேல் எடை தூக்குதல், புல்-அப். பைசெப்ஸ், ட்ரைசெப்ஸ் கடைசியில். பெஞ்ச் பிரஸ்ஸில் மார்புக்குத் துணை ட்ரைசெப்ஸ். அது முன்பே களைத்தால் மார்புக்கு முழு வேலை கிடைக்காது.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, 2 அல்லது 3 செட். 12 முறை எளிதானால் எடையைச் சற்றே கூட்டுங்கள். பயிற்சிக்குப் பின் ஓரிரு நாள் தசையில் புரதம் கூடுதலாகச் சேர்கிறது. ஆகவே 48 மணி நேர இடைவெளியுடன் வாரம் இருமுறை போதும்.

கண்ணாடியில் தெரியாத முதுகை மறக்காதீர்கள். தோளில் வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.