மாடியில் ஒரு குடித்தனம்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்தார்கள் பெரியவர்கள். கட்டிய வீட்டின் தலைமேல் இன்னொரு வீட்டைக் கட்டிப் பார் என்று மட்டும் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்த்து வைக்க என் அத்தை புறப்பட்டிருக்கிறாள்.

அத்தைக்கு நங்கநல்லூரில் சொந்த வீடு. ஒரு கிரவுண்டு மனையில் மாமா 1976-ல் கட்டியது. மேலே மொட்டை மாடி. வடாம் காய்வதற்கும் காக்கைகள் கூடுவதற்கும் அதைத் தவிர வேறு உபயோகம் இல்லை. மாமா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அத்தை தனியாக இருக்கிறாள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்து, காப்பியை நீட்டிவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"மாடியிலே ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம்னு பார்க்கறேன்டா. கையிலே பதினஞ்சு லட்சம் இருக்கு. கட்டினா வீட்டோட மதிப்பும் ஏறும்னு உன் அத்தங்கா சொல்றா. நீ பத்திரிகைக்காரன். நாலு பேரைக் கேட்டுச் சொல்லேன்."

அத்தங்கா இருப்பது கலிபோர்னியாவில், சான் ஹோசே நகரத்தில். அவள் சொன்னதிலும் தவறில்லை. அந்த ஊரில் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் சின்னதாக இன்னொரு வீடு கட்டுகிறார்கள். 'பாட்டி வீடு' என்று அதற்குச் செல்லப் பெயர்கூட உண்டு. வீட்டுப் பஞ்சம் தாங்காமல் 2017 முதல் அந்த மாநிலம் இதற்கான சட்டங்களைத் தளர்த்திக்கொண்டே வந்தது. அந்தச் சின்ன வீட்டைத் தனியாக விற்கவும் ஊராட்சிகள் அனுமதிக்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. சான் ஹோசே 2024-ல் அதை ஏற்றுக்கொண்டது. பெரிய வீட்டை வாங்குகிறவர் அதில் குடியிருக்கத்தான் வாங்குகிறார். சின்ன வீடும் கூட இருந்தால் சந்தோஷமாக மேலே பணம் கொடுக்கிறார்.

நங்கநல்லூரிலும் அப்படித்தானா? முதலில் ஒரு வீட்டுத் தரகரைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"சார், அந்த அம்மா வீட்டை யார் வாங்குவாங்க? குடியிருக்கிறவங்களா வாங்குவாங்க? பிளாட் கட்டறவர்தான் வாங்குவார்."

அதில் சூட்சுமம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி, சாதாரணக் குடியிருப்புக் கட்டடத்துக்கு மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஆகவே அங்கே 4,800 சதுர அடிக்குப் பிளாட்டுகள் எழுப்பலாம். வாங்க வருகிறவரின் கண்ணுக்குத் தெரிவது அந்த 4,800 அடிதான். அத்தை ஆசையாசையாகக் கட்டும் 600 அடி மாடி, அவருக்கு இடித்துத் தள்ள வேண்டிய கூடுதல் செங்கல்! அதில் குடித்தனக்காரர் வேறு இருந்துவிட்டால், 'காலி செய்து கொடுங்கள்' என்று விலையைக் குறைத்துக் கேட்பார். நிலம்தான் வருஷத்துக்கு வருஷம் விலை ஏறுகிறது. கட்டடம் வயதாகித் தேய்கிறது.

சரி, விற்காமல் வைத்துக் கொண்டால்? அதற்கு வேறு கணக்கு. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 600 அடிக்கு 15 லட்சம். வாடகை மாதம் 12,000 என்போம். வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று பதினோரு மாதம் மட்டும் எண்ணினால் 1,32,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, குழாய் ரிப்பேர் என்று 12,000 போனால் கைக்கு மிஞ்சுவது 1,20,000. போட்ட பணத்துக்கு நூற்றுக்கு 8 ரூபாய். நிலத்தையும் விலை கொடுத்து வாங்கி வாடகைக்கு விடுகிறவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் கிடைப்பதே வழக்கம். அத்தைக்கு நிலம் ஏற்கெனவே சொந்தம். அதுதான் அவளுடைய பலம்.

ஆனால் அவசரப்படக் கூடாது. மூத்த குடிமக்களுக்கான அரசாங்கச் சேமிப்புத் திட்டத்தில் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்ந்தது. அந்த வட்டிக்கு 15 லட்சத்தைப் போட்டவர்களுக்குச் சுவரும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். வருஷத்துக்கு 1,23,000 ரூபாய்! பிறகு எதற்காகக் கட்ட வேண்டும்? வட்டி அப்படியே நிற்கும், வாடகை ஏறும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் பத்து வருஷத்தில் 12,000 என்பது 19,500-ஐத் தாண்டிவிடும். மாறாக, அவசரமென்றால் சேமிப்புப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். செங்கலைத் திரும்ப வாங்க முடியாது. கடன் வாங்கிக் கட்டுகிறவர்களுக்கோ, ஆரம்ப வருஷங்களில் வாடகை முழுவதும் வட்டிக்கே போய்விடும்.

அடுத்து ஒரு என்ஜினீயரை அழைத்துப் போனேன். அவர் மாடிப் பக்கமே போகவில்லை. வீட்டின் ஒரு மூலையில் பள்ளம் தோண்டச் சொல்லி, அஸ்திவாரத்தை உட்கார்ந்து பார்த்தார்.

"கவலை இல்லை. இன்னொரு மாடி தாங்கும் என்று நினைத்தே போட்டிருக்கிறார்" என்றார்.

அத்தை பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எல்லா வீட்டிலும் மாமாவைப் போன்ற முன்யோசனைக்காரர் இருந்திருக்க மாட்டார். பள்ளம் தோண்டிப் பார்க்காமல் பழைய சுவரின் மேல் மாடி எழுப்புவது ஆபத்து.

அஸ்திவாரத்துக்கு அடுத்தபடி காகிதம். பிளான் அனுமதி இல்லாமல் கட்டிய மாடிக்கு வங்கி கடன் தராது. கடன் வாங்கி வீடு வாங்க வருகிறவர் திரும்பிப் போய்விடுவார். சிறிய வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 அடிக்குள் இருக்க வேண்டும். பழைய வீட்டின்மேல் எழுப்பும் மாடிக்கு எந்த முறையில் மனுப்போடுவது என்று என்ஜினீயரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. கட்டி முடித்ததும் புதிய பகுதியை வீட்டு வரியிலும் சேர்க்க வேண்டும்.

"குடி வந்தவா காலி பண்ண மாட்டேன்னு உட்கார்ந்துட்டா?" என்று கேட்டாள் அத்தை. 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்ட காலத்திலிருந்து தொடர்ந்து வருகிற பயம் இது. அந்தச் சட்டம் இன்று இல்லை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் ஒழுங்காக இருந்தால் இரண்டு தரப்புக்கும் தைரியம். ஆனால் ஒன்று: மனஸ்தாபம் வந்தால் தண்ணீரை நிறுத்தி விடலாம் என்று வீட்டுக்காரர்கள் மனப்பால் குடிக்கக் கூடாது. சட்டம் அதை அனுமதிக்கவில்லை.

தண்ணீர் என்றதும் 2019 கோடை நினைவுக்கு வருகிறது. சென்னை ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றதை எந்தக் குடும்பத் தலைவி மறப்பாள்? ஒரு கிணற்றில் இரண்டு குடித்தனம் என்றால் தனித் தொட்டி, தனிக் குழாய், தனி மின்சார மீட்டர், வெளிப்புறமாகத் தனி மாடிப்படி, இவ்வளவும் முதலிலேயே வேண்டும். சண்டைகள் பெரும்பாலும் மோட்டார் சுவிட்சில்தான் ஆரம்பமாகின்றன!

எல்லாவற்றையும் அத்தையிடம் ஒப்பித்தேன்.

"முடிவாச் சொல்லு. மதிப்பு ஏறுமா, ஏறாதா?"

"இந்த வீட்டை விற்கிற உத்தேசம் உண்டா, அத்தை?"

"நான் இருக்கிற வரைக்கும் விற்கிறதாவது!"

"அப்படியானால் ஏறும். நாலைந்து வருஷத்தில் விற்பதென்றால் ஏறாது."

அத்தை சற்று யோசித்தாள். "அறுநூறு அடி வேண்டாம். நானூத்தம்பது போதும். பதினொண்ணே கால் லட்சத்திலே முடியும். மிச்சம் வைத்தியச் செலவுக்கு வங்கியிலே கிடக்கட்டும்" என்றாள். நாலு பேரைக் கேட்டு வந்த எனக்கு இது தோன்றவில்லை!

வாசல் வரை வந்தவள் மெதுவாகச் சொன்னாள்:

"போன ஐப்பசியிலே மூணு நாள் காய்ச்சலோட கிடந்தேன். பால்காரர் கதவைத் தட்டித்தான் வெளியிலே தெரிஞ்சுது. அத்தங்காகிட்டே சொல்லலே, பயந்துடுவா. மேலே யாரோ நடக்கற சத்தம் கேட்டா, ராத்திரி தூக்கம் வரும்டா."

அந்தச் சத்தத்துக்குச் சதுர அடி என்ன விலை என்று நான் கேட்ட யாருக்கும் சொல்லத் தெரியாது. மாடிக்குப் பூஜை போட அத்தை நாள் பார்த்துக் கொண்டிருக்கிறாள்.