எண்ணிம ஆய்வுத்திறனும் தமிழ் மாணவரும்: சில குறிப்புகள்

அண்மைக் காலமாக எமது பல்கலைக்கழக நூலகங்கள் மாணவருக்கும் இளம் ஆய்வாளருக்குமென இருவகைச் செயலமர்வுகளை நடத்தி வருகின்றன. எண்ணிம ஆய்வுத்திறன் பற்றியது ஒன்று. கல்விசார் எழுத்துமுறை பற்றியது மற்றொன்று. 2020இல் நோய்ப்பரவல் காரணமாகக் கற்பித்தல் இணையவழிக்கு மாறியதன் பின்னர் இவை பல்கிப் பெருகின. மின்தரவுத்தளங்களில் தேடுவது எவ்வாறு, மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளைக் கையாள்வது எவ்வாறு, பிறர் எழுத்தைக் களவாடும் குற்றத்துக்கு ஆளாகாதிருப்பது எவ்வாறு, கட்டுரைச் சுருக்கம் எழுதுவது எவ்வாறு என்பன இவற்றில் வழமையாகக் கற்பிக்கப்படுவன. இவற்றின் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின் நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா வேறு. கொழும்பிலிருந்து தமிழ்ப் பொருளொன்றை ஆராயும் மாணவருக்கு இத்திறன்கள் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன? எவ்விடத்தில் அவரைத் திசைமாற்றி விடுகின்றன?

இச்செயலமர்வுகளின் அடித்தளத்தில், எடுத்துக்கூறப்படாத ஓர் எடுகோள் உண்டு. உலகின் அறிவு முழுவதும் எங்கோ திரட்டி வைக்கப்பட்டுள்ளது. உரிய சொல்லை உரிய பெட்டியில் இட்டால் அது வெளிவரும் என்பதே அது. ஆங்கிலத்தில் உயிரியலோ பொருளியலோ படிப்பவருக்கு இவ்வெடுகோள் பெரும்பாலும் பொருந்தும். தமிழியல் மாணவர் அதனை அப்படியே ஏற்பாராயின், தேடலில் கிடைக்காதது வரலாற்றிலும் இருக்கவில்லை என்ற முடிவுக்கு வந்து சேர்வார். இதன் விளைவு பாரதூரமானது.

ஓர் உதாரணத்தைத் தொடர்ந்து சென்று பார்ப்பது விளக்கத்துக்கு உதவும். 1920களில் கொழும்பில் நிகழ்ந்த தொழிலாளர் எழுச்சிக்கும் தமிழ்ப் பத்திரிகைத்துறைக்கும் இடையிலான தொடர்பை ஆராய மாணவரொருவர் முற்படுகிறார் எனக் கொள்வோம். 1923ஆம் ஆண்டின் கொழும்புப் பொது வேலைநிறுத்தமும் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்க முயற்சிகளும் அவருக்குத் தெரிந்தவை. கோ. நடேசய்யர் 1924இல் கொழும்பிலே தொடங்கிய ‘தேசபக்தன்’ பத்திரிகையே அவரது முதன்மை மூலம். அவர் தேடுபொறியில் ‘தேசபக்தன்’ என எழுதுகிறார். அவர்முன் வருபவற்றுட் பல திரு. வி. கலியாணசுந்தரனாரின் ‘தேசபக்த’னைப் பற்றியவை. அது 1917இல் சென்னையிலே தொடங்கிய நாளிதழ். சிக்கலை மேலும் வளர்ப்பது யாதெனில், திரு. வி. க.வும் தொழிற்சங்கவாதியே; 1918இல் அமைந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்துடன் நெருங்கிய தொடர்புடையவர். இரு நகரங்கள், இரு பத்திரிகைகள், ஒரே பெயர், ஒத்த பொருள். பொறிக்கு இவ்வேறுபாடு தெரியாது. இந்நாளிற் பெருகியுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ இரண்டையும் ஒன்றாய்க் குழைத்து, இல்லாத நூலொன்றின் பெயரையும் பக்க எண்ணையும் கூடத் தயக்கமின்றித் தந்துவிடும்.

ஆகவே தேடுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. சாரல்நாடன் நடேசய்யரைப் பற்றி எழுதிய நூல்களை வாசித்தவர் இத்தவறைச் செய்யமாட்டார். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாளும் அப்பத்திரிகைப் பணியிற் பங்குகொண்டார் என்பதை அவர் அறிவார். அப்பெயரையும் தேடலிற் சேர்ப்பார். வாசிப்பே தேடலுக்கான சொற்களைத் தருகிறது என்னும் எளிய உண்மை செயலமர்வுகளில் அரிதாகவே வலியுறுத்தப்படுகிறது.

அடுத்து அவர் வெளிநாட்டுப் பெருநூலகங்களின் பட்டியல்களுக்குச் செல்கிறார். அங்கு வேறொரு தடை காத்திருக்கிறது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் தமிழ்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதத் தனக்கென ஒரு முறைமையைக் கைக்கொள்கிறது. பல நூலகங்கள் அதனைப் பின்பற்றுகின்றன. தமிழ் எழுத்தொன்றுக்கு உரோமன் எழுத்தொன்று என்பது அதன் அடிப்படை. ஒலிப்பு எவ்வாறு இருப்பினும் சகரம் அங்கு ‘சி’ எனும் ஆங்கில எழுத்தாலேயே குறிக்கப்படும். நாம் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கி எழுதும் சிவத்தம்பியின் பெயர் அப்பட்டியலில் ‘சி’ எழுத்தின் கீழ் இருக்கும். கைலாசபதியின் பெயரிலும் நடுவிலுள்ள சகரம் அவ்வாறே மாறும். தம் நூல்களின் ஆங்கில முகப்பில் அவர்களே இட்ட எழுத்துக்கூட்டலைக் கொண்டு தேடுபவருக்கு அவர்களுடைய ஆங்கில நூல்கள் கிடைக்கும். தமிழ் நூல்கள் பலவேளைகளில் கிடைக்கமாட்டா. இதனைப் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். விளக்கப்படாமையால் ஒரு மாணவர் இழப்பது பல மாதங்கள்.

பகுப்பாக்க முறைகளைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு சொல். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதல் 829 வரையான பத்து எண்களும் உரியன. தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்பதே இடம்: ஏனைய மொழிகள் என ஒதுக்கப்பட்ட 890இன் உட்பிரிவொன்றில், புள்ளிக்கு அப்பால். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பதவியேற்ற எஸ். ஆர். இரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பை உருவாக்கியமைக்கு இத்தகைய முறைகளின் போதாமையும் ஒரு காரணம். எண்கள் நடுநிலையானவை என்ற மயக்கம் நூலகத்துள்ளும் நெடுங்காலம் நிலவியது.

இனி, எழுத்து கணினியில் எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்ற வினாவுக்கு வருவோம். எமது கருத்தில் இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றிருந்தது. எனினும் இலங்கையில் தமிழ்த் தட்டெழுத்து நெடுங்காலம் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களிலேயே நடைபெற்றது. இன்னும் முற்றாக மறையவில்லை. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல்லை அடிப்பவர் உண்மையில் ‘ஜே, கே, பி, ஓ’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே அடிக்கிறார். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. இத்தகைய கோப்பொன்று பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் ஏற்றப்படுமாயின், அதன் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் நூலகர் ஒருங்குறியில் தனியே பதிந்தாலன்றி அந்த ஆய்வேடு எந்தத் தமிழ்த் தேடலுக்கும் அகப்படாது. பதிந்தாலும் உள்ளே உள்ள நூற்றுக்கணக்கான பக்கங்கள் தேடலுக்கு ஊமையாகவே இருக்கும்.

கருத்துக்களவைக் கண்டறியும் மென்பொருள்களும் இதே நிலையினவே. அவை தம் களஞ்சியத்தில் உள்ளவற்றோடு மட்டுமே ஒப்பிடும். அச்சிலேயே தங்கிவிட்ட பழைய சஞ்சிகைக் கட்டுரையொன்றிலிருந்து பத்திபத்தியாக எடுத்தவர் அச்சோதனையில் எளிதாகத் தேறிவிடுவார். சொந்தமாக எழுதினும் ஆங்கிலச் சொற்றொடர்ப் பயிற்சி குறைந்தவர் ஐயத்துக்குள்ளாவதும் உண்டு.

பழைய அச்சு நூல்கள் படமாக்கப்பட்டபின் ஒளியியல் எழுத்துணரிகளால் எழுத்தாக மாற்றப்படுகின்றன. அண்மைய முன்னேற்றம் பெரிது. ஆயினும் மங்கிய தாள், தேய்ந்த ஈய அச்சு ஆகியவற்றோடு, தமிழ்நாட்டில் 1978இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களும் எழுத்துணரிகளைத் தடுமாறச் செய்கின்றன. ‘தொழிலாளர்’ எனத் தேடி எதுவும் கிடைக்காதவர், பிழையாக உணரப்பட்ட வடிவங்களையும், சொல்லைப் பிரித்தும் சேர்த்தும், ஒற்று மிகுத்தும் மிகாமலும் தேடிப் பார்த்தல் வேண்டும்.

இத்தனை இடர்களுக்கும் நடுவே ஈழத்துத் தமிழ் ஆய்வாளருக்கு வாய்த்துள்ள பெரும் துணை, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிமத் திட்டமும் அதனை நடத்தும் நூலக நிறுவனமுமாகும். அரசோ பல்கலைக்கழகமோ தொடங்காத இப்பணியைத் தன்னார்வலர்கள் தொடங்கினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டமையும், 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் பிறவிடங்களிலும் வீடுகளோடு வீட்டு நூற்சேகரிப்புகள் அழிந்தமையும் இம்முயற்சிக்குப் பின்னால் உள்ள வரலாறு. நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள், நினைவு மலர்கள் எனப் பல்லாயிரம் ஆவணங்கள் அங்கு எவருக்கும் கட்டணமின்றித் திறந்துள்ளன. என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’ நூல்விவரப்பட்டியலையும் இதனோடு சேர்த்துப் பயன்படுத்தும் மாணவர், எது எண்ணிமமாகியுள்ளது, எது அச்சில் மட்டும் உள்ளது என ஒப்பிட்டறியலாம்.

ஆனால் இக்களஞ்சியத்தையும் விமர்சன நோக்கோடு அணுகுதல் வேண்டும். நினைவு மலர்களையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தார் ‘கல்வெட்டு’ என வழங்கும் இச்சிறு வெளியீடுகள் குடும்ப வழி, ஊர், தொழில், கல்வி, திருமண உறவு ஆகியவற்றைத் தரும் சமூக வரலாற்று மூலங்கள். அவற்றைப் பொருட்படுத்தாத ஆய்வாளரே மிகுதி. எனினும் எவருடைய மறைவுக்குக் கல்வெட்டு அச்சாகிற்று? அச்சுக் கூலி கொடுக்க வல்ல குடும்பங்களினது மறைவுக்கே. கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளிக்கு நினைவு மலர் அச்சிட்டவர் எத்தனை பேர்? அவனது பெயர் காணப்படக்கூடிய தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், வாசித்ததும் வீசப்படும் தாள். அச்சியந்திரத்தை அணுக முடிந்த வர்க்கமே அச்சிற் பதிந்தது. அச்சிற் பதிந்ததே எண்ணிமமாகிறது. எண்ணிமமானதே தேடலில் எழுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு வடிகட்டல் நிகழ்கிறது. இது களஞ்சியத்தை உருவாக்கியோரின் குறையன்று. ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் இதைப்பற்றி ஒரு வரியேனும் எழுதாதது ஆய்வாளரின் குறையே.

எமது உதாரண மாணவர் இறுதியில் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்கும் அருங்காட்சியக நூலகத்துக்கும் நேரிற் செல்லவேண்டியவராகிறார். அச்சிட்ட நூல்களைப் பதிவுசெய்து பிரதிகளை அரசிடம் ஒப்படைக்குமாறு விதித்த 1885ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் குடியேற்ற ஆட்சியின் கண்காணிப்புத் தேவையிலிருந்து பிறந்தது. இன்று அதுவே ஆய்வாளனுக்கு வரமாகியுள்ளது. வரலாற்றின் முரண்களில் இதுவும் ஒன்று. அச்சட்டத்தின்கீழ்த் தயாரிக்கப்பட்ட காலாண்டு நூற்பட்டியல்களை வரிவரியாகப் பார்ப்பவர், எந்த எண்ணிமக் களஞ்சியத்திலும் இல்லாத தலைப்புகளை எதிர்கொள்வார்.

இவ்வாறு மூலத்தின் இருப்பிடத்தை அறிந்து எழுதுவது தமிழில் புதிதன்று. 1880களில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளில், ஏடுகள் எவரிடமிருந்து கிடைத்தன, எந்நிலையில் இருந்தன என்பதை எடுத்துரைத்தார். கல்விசார் எழுத்தின் முதற்பாடம் அங்கேயே உள்ளது. இன்றைய செயலமர்வுகளோ அதனை அடைப்புக்குறி, காற்புள்ளி ஆகியவற்றின் இடம்பற்றிய பயிற்சியாகச் சுருக்கிவிடுகின்றன.

அப்பயிற்சியும் தமிழ்ப் பெயர்களுக்கு முன் திணறுகிறது. மேற்கோள் மென்பொருள் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரு கட்டங்களை நிரப்பச் சொல்கிறது. ‘கா. சிவத்தம்பி’ என்பதில் ‘கா.’ தந்தை கார்த்திகேசுவைக் குறிக்கும்; ‘சிவத்தம்பி’ சொந்தப் பெயர். தலைப்பெழுத்தை விரித்து இறுதியில் எழுதும் பெண் ஆய்வாளரின் பெயரோ தந்தை அல்லது கணவன் பெயரின்கீழ் வரிசையாகும். ஒரே ஆசிரியர் ஒரே உசாத்துணைப் பட்டியலில் இரு இடங்களில் தோன்றுவதை நாம் பல ஆய்வேடுகளிற் கண்டுள்ளோம். சொந்தப் பெயரால் வரிசைப்படுத்தித் தலைப்பெழுத்தைப் பின்னிடுதலே தமிழுக்கு ஏற்றது. எந்த முறையைக் கொண்டாலும் அதனை முன்னுரையிற் கூறிவிடுதல் நன்று.

மொழிபற்றிய வினா இதனினும் ஆழமானது. 1960 முதல் எமது பல்கலைக்கழகத்தில் கலைத்துறைப் பாடங்கள் சுயமொழியிற் கற்பிக்கப்பட்டன. அக்காலத்திலிருந்து உருவான தமிழ் ஆய்வுநடை சாதாரணமானதன்று. கைலாசபதி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதினார். அதற்கு முன் ‘தினகரன்’ ஆசிரியராக இருந்து பொதுவாசகருக்காகத் தமிழில் எழுதினார். அவர் நடையின் தெளிவுக்கு அப்பத்திரிகைப் பயிற்சி ஒரு காரணம் என்பது எமது எண்ணம். இன்றோ பதவியுயர்வுக்கான புள்ளிகள், ஆங்கில ஆய்விதழ்களையே பெரும்பான்மையாகக் கொண்ட பன்னாட்டுச் சுட்டிகளை நோக்கி ஆய்வாளரைத் தள்ளுகின்றன. ஆய்வாளர் ஊதியமின்றி எழுதுகிறார், ஊதியமின்றி மதிப்பிடுகிறார், அந்த உழைப்பின் விளைவைப் பதிப்பக நிறுவனங்கள் டொலரில் எமது நூலகங்களுக்கே விற்கின்றன. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, தாள் இன்மையால் பாடசாலைத் தேர்வுகளே தள்ளிப்போன நாட்டில் இது எவ்வளவு பலவீனமான ஏற்பாடு என்பதை விளக்கத் தேவையில்லை.

நூலகங்கள் உடனடியாகச் செய்யக்கூடியவை உள்ளன. தம்மிடமுள்ள பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுதல் மாணவரே செய்யக்கூடிய பணி. மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பட்டியற் பதிவில் தமிழ் எழுத்து, ஆசிரியர் தாமே பயன்படுத்திய ஆங்கில வடிவம், காங்கிரசு நூலக வடிவம் மூன்றையும் இடலாம். செயலமர்வின் ஒரு பகலையேனும் தேசிய சுவடிகள் கூடத்தில், பழைய பத்திரிகைக் கட்டொன்றின் முன் நடத்தலாம். கொழும்பு 13இல் கதிரேசன் வீதியிலிருந்து டொமினிக் ஜீவா நெடுங்காலம் ‘மல்லிகை’யை வெளியிட்டார், வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. இவ்விரு சுற்றாடல்களிலும் அச்சகங்களிலும் வீட்டு அலுமாரிகளிலும் எஞ்சியிருக்கும் சிற்றிதழ்கள், கணக்கேடுகள், துண்டுப்பிரசுரங்கள் ஆகியவற்றின் விவரங்களை மாணவர் குழுவொன்று ஓர் அட்டவணையாகத் தொகுக்குமாயின், அடுத்த ஆண்டுச் செயலமர்வு அந்த அட்டவணையிலிருந்தே தொடங்கலாம்.